அண்ணாச்சி வரும் நேரம்

காலையில் பர்னபாஸின் இடது புஜத்தில் நலப்பட்டையை மாற்றுவது ரெஜினாவின் வேலை. பழையதை உரித்து, தோலைத் துடைத்து, புதியதை வைத்து அழுத்தினால் அது ஒருமுறை சிணுங்கிவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இன்சுலின் அதற்குள்ளேயே இருந்தது. எவ்வளவு, எப்போது என்பதைப் பட்டையே பார்த்துக்கொண்டது. பிடரியில் தோலுக்கு அடியில் பதித்திருந்த மின்சில்லை மட்டும் ரெஜினா தொடுவதில்லை. அது அரசாங்கத்துடையது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆள் இல்லாமலே சரக்கு இறங்க ஆரம்பித்தபோது வேலை போனவர்களில் பர்னபாஸும் ஒருவர். இன்சுலின் கடைகளில் கிடைக்காமல் போய், மீள்பணித் திட்டத்தில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே என்று ஆன பிறகு அவரும் சேர்ந்தார். உப்பளங்கள் இருந்த வெளியில் நீளநீளமாகக் கொட்டகைகள். அங்கே ஆயுள் முடிந்த சூரியத் தகடுகளைக் கண்ணாடி உடையாமல் பிரிக்க வேண்டும்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தார். வேலைக்கு லாயக்கில்லை என்று பெயரை எடுத்தால் மருந்தும் போய்விடும் என்று ரெஜினா அழுதாள். திட்டக்காரர்கள் பெயரை எடுக்கவில்லை. பிடரியில் சில்லைப் பதித்து அனுப்பினார்கள். துணையியக்கி என்று அதற்குப் பெயர். சர்க்கரை இறங்கி மனிதன் நிதானம் இழக்கும் வேளையில் அது உடம்பை வாங்கிக்கொள்ளும். கை நிற்காது, கால் தடுமாறாது, கேட்டதற்கு வாய் பதில் சொல்லும். கொட்டகையில் அதை அண்ணாச்சி என்றார்கள். "மத்தியானம் எனக்கு அண்ணாச்சி வந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள், கடையை இன்னொருவரிடம் விட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தவர்களைப் போல.

முதன்முதலில் அண்ணாச்சி வீடு வரைக்கும் வந்த சாயங்காலம் ரெஜினாவுக்கு விஷயம் புரியவில்லை. பர்னபாஸ் வாசலில் செருப்பை ஒழுங்காக விட்டார். காலைக் கழுவினார். குதிகாலில் ஆறாமல் கிடந்த புண்ணைத் தானே துடைத்து மருந்து போட்டார்.

"ரெஜினா, உங்க தோள்வலி எப்படி இருக்கு?" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளை 'ஏளா' என்று மட்டுமே கூப்பிட்டவர். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். ரெஜினா வெட்கத்தோடு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தொய்ந்து நெற்றியில் வேர்வை பூத்தது. சுற்றிலும் மலங்க மலங்கப் பார்த்தார்.

"நான் எப்பளா வீட்டுக்கு வந்தேன்?"

பிறகு அது தினமும் நடந்தது. ஒரு விடுமுறை நாளில் திட்ட ஒருங்கிணைப்பாளர் கோமதிநாயகி வீட்டுக்கு வந்தபோது பர்னபாஸ் கேட்டார்: "காலையில பஸ் ஏறுதது வரைக்கும்தான்மா ஞாபகம் இருக்கு. மருந்தைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"உங்க சர்க்கரை இப்ப ரொம்ப நல்லா இருக்கு சார்." அந்தப் பெண் கையில் இருந்த திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பட்டை உங்க வேலையையும் சேர்த்துத்தான் பாக்கும். எந்த அளவுல நீங்க நல்லா வேலை செய்றீங்களோ அந்த அளவுல வச்சிருக்கும்."

"அப்ப அதுவே வேணும்னு இறக்குதா?" என்றாள் ரெஜினா.

"நிதானம் தப்புற கோட்டுக்குக் கொஞ்சம் கீழ வச்சிருக்கும்மா. ஆபத்து கிடையாது. பிடிக்கலைன்னா திட்டத்தை விட்டு விலகிக்கலாம். பட்டையை மட்டும் திருப்பிக் குடுத்துரணும்."

அந்தப் பெண் போன பிறகு பர்னபாஸ் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஒருநா வேலைக்கு நடுவுல எனக்கு முழிப்பு வந்துட்டு. கொட்டகை பூரா ஒரே நேரத்துல குனியுது, ஒரே நேரத்துல நிமிருது. மூச்சு விடுதது கூட ஒண்ணு போல. எனக்குப் பக்கத்துல நம்ம லெயோன். 'ஏல லெயோனு'ன்னு கூப்பிட்டேன். அவன் திரும்பினான். அவன் மட்டும் இல்லளா, அத்தனை பேரும் திரும்பினானுவ. சிரிச்சானுவ. 'வேலையைப் பாருங்க பர்னபாஸ்'னு அத்தனை வாயும் சேர்ந்து சொல்லிச்சு."

ரெஜினா அவர் பிடரியை எட்டிப் பார்த்தாள்.

"சாயங்காலம் வந்ததும் டீயில சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடு. ஏறினாத் திரும்பி வந்துருவேன்."

"கால் புண்ணு என்னத்துக்கு ஆவும்?"

"ஆவுறது ஆவட்டும். என் வீட்டுல கொஞ்ச நேரம் நான் இருக்க வேண்டாமாளா?"

அப்படியே செய்தாள். அண்ணாச்சிக்கு ருசி தெரியவில்லை. கொடுத்ததைக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் பர்னபாஸ் வந்துவிடுவார். வந்ததும் மின்விசிறியைத் திட்டுவார், அரசாங்கத்தைத் திட்டுவார், அவளையும் திட்டுவார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் குதிகால் புண் சிவந்து, ஓரம் கறுக்க ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் டம்ளரை வாங்கிய அண்ணாச்சி அதைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"இதுல சர்க்கரை இருக்குன்னு எனக்குத் தெரியும் ரெஜினா. நீங்க குடுத்தா நான் குடிச்சிருவேன். ஆனா இந்தக் காலைப் பாருங்க. இப்படியே போனா எடுக்க வேண்டி வரும். அவருகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அவருக்குக் கேக்காது."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். மறுநாளும் சர்க்கரை போடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எல்லாம் காலுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். சர்க்கரை ஏறாமலே கிடந்ததால், விடிகாலையில் பட்டையை மாற்ற அவள் எழுப்பும்போது எழுந்து உட்கார்ந்ததும் இப்போது அண்ணாச்சிதான். "தூங்கினீங்களா ரெஜினா?" என்று விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடற்கரைக்கு நடந்தார்கள். சின்ன வயதில் இதே கடலில் போய்விட்ட அவள் தம்பியைப் பற்றி அவர் கேட்டார். பர்னபாஸ் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லி, அவர் தோளில் சாய்ந்து அழுதாள். குதிகால் புண் ஆறிக்கொண்டு வந்தது.

மாதா கோவிலில் முழந்தாளிட்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. 'என் வீட்டுக்காரரைப் பத்திரமாக் கரை சேத்துரும் தாயே' என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, கடலுக்குப் போனவருக்காக மன்றாடுவது போல. அவர் பக்கத்திலேயே கைகூப்பி உட்கார்ந்திருந்தார். தன் பெயர் காதில் விழுந்தது போல அவள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

அன்று சாயங்காலம் டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள்.

பர்னபாஸ் ஆழமான கிணற்றிலிருந்து ஏறி வருகிறவரைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "என்னளா, வெளிச்சம் இப்படிக் கண்ணைக் கூசுது?" என்றார். பிறகு கேட்டார்: "எம்புட்டு நேரமாச்சு நான் போயி?"

"காலையிலதானங்க போனீய."

அவர் காலைத் தூக்கித் தொடைமேல் போட்டு, குதிகாலைத் தடவிப் பார்த்தார். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை.

"டீ நல்லாருக்கு" என்றார் கடைசியில். "நாளைக்கும் இதே மாதிரி போடு, என்ன?"

"போடுதேன்."

மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி வந்து முகம் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "கொட்டகைக்குப் பின்னாடி தண்ணி தேங்கியிருக்கு ரெஜினா. ஒரு கொக்கு வந்து நிக்குது. அதைப் பாத்ததும் நீங்க உங்க தம்பியைப் பத்திச் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்திச்சு" என்று ஆரம்பித்தார். ரெஜினா அடுப்பங்கரையில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே கேட்டாள். அவர் அவசரப்படாமல் சொன்னார். அவள் எங்கெங்கே கேட்க நினைத்தாளோ அங்கெல்லாம் நிறுத்தினார்.

டீயை டம்ளரில் ஊற்றி அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு, வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"டீ எடுத்துட்டு வரலையா?" என்றார் அண்ணாச்சி, பர்னபாஸின் குரலிலேயே.

"நீங்க சொல்லிட்டிருந்ததை முடிங்க" என்றாள் ரெஜினா. "அது கொஞ்சம் ஆறட்டும்."