ஏழாம் பாத்தியின் விரதம்

கீரைக்கட்டை முகர்ந்து பார்த்து வாங்குகிற வழக்கம் அப்போது ஒழிந்துவிட்டது. எல்லோர் கையிலும் சத்துமானி இருந்தது. விரல் நீளக் கருவி. இலைமேல் வைத்தால் ஒளியைப் பாய்ச்சி, உள்ளே வைட்டமின் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, வெறும் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து, நூற்றுக்கு ஒரு மதிப்பெண் சொல்லிவிடும். பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தது போதாதென்று கீரைக்கும் வைத்துவிட்டார்கள்.

தென்காசிப் பக்கத்தில் செல்லக்கனி நடத்திய பண்ணையில் சிறுகீரை நாற்பத்தொன்று வாங்கியிருந்தது. தேற அறுபது வேண்டும்.

செல்லக்கனி மண்வேதியியல் படித்தவள். வயது ஐம்பது. வேரூட்டியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். மண்ணுக்குள் மயிரிழைக் குழாய்கள் ஓடும். வேர் கசியவிடுகிற சாற்றைச் சுவைத்துப் பார்த்து, செடிக்கு எது எவ்வளவு குறையப்போகிறது என்று முன்னரே அறிந்து, அந்தத் துளியை அந்த வேருக்கே கொடுக்கும். ஒரு சிட்டிகைகூட வீணாகாது. அதற்கு முன்னால் மூட்டை மூட்டையாக யூரியாவைத்தான் வீசினார்கள். செடி தின்றது போக மிச்சமெல்லாம் நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்கியது. அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் குடித்த செல்லக்கனியின் தங்கை குழந்தைக்கு ஒருநாள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. குழந்தை பிழைத்தது. செல்லக்கனிக்கு அந்த நீலம் மறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் உழைத்து வேரூட்டியைச் செய்தாள். மாவட்டத்துக் கிணறுகள் தெளிந்தன.

ஆனால் கீரை கெட்டுப்போனது. பார்வைக்கு ஒரு குறையும் கிடையாது. உள்ளங்கை அகல இலை, கண்ணைப் பறிக்கிற பச்சை. வாயில் போட்டால்தான் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதிய உணவில் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்கள். மூன்று அறுவடை தொடர்ந்து தேறாவிட்டால் வேரூட்டியைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி மூட்டைக்கே போய்விடுவது என்று மாவட்ட உணவு வாரியம் முடிவு செய்திருந்தது. இரண்டு அறுவடை ஏற்கெனவே போய்விட்டது.

மூன்றாவதைச் சோதிக்க ஆடிக் கடைசியில் வேதநாயகம் வந்தார். வாரியத்தின் அதிகாரி, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். நாற்பது பாத்தியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்துமூன்று. ஏழாம் பாத்தியில் கருவி எண்பத்துமூன்று காட்டியது. வேதநாயகம் கருவியைத் துடைத்து மறுபடியும் வைத்தார். எண்பத்துமூன்றுதான். இலைகள் சற்றுச் சிறியவை, காம்பில் செம்மை ஏறியிருந்தது. ஒன்றைக் கிள்ளி மென்றார்.

யாரோ இதில் மட்டும் எதையோ போட்டிருக்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மூன்று நாளில் அது என்னவென்று சொல்ல முடியாவிட்டால் மோசடி என்று எழுதிவிட்டு வேரூட்டியை மூடிவிடுவேன் என்று சொல்லிப் போனார்.

பண்ணையில் ஒவ்வொரு பாத்தியும் ஒரு ஆளின் பெயரில் இருந்தது. ஒப்புக்கு முதல் பாத்தி செல்லக்கனியின் பெயரில். ஏழாவது முத்துப்பேச்சியுடையது. முப்பத்தைந்து வயது, தனியாக இருக்கிறவள். மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். செல்லக்கனி கூப்பிட்டதும் வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் ஒரு பிடி எருகூடப் போடல மேடம். வேணும்னா தோண்டிப் பாருங்க."

தோண்டியும் பார்த்தார்கள். கூடுதலாக ஒன்றும் இல்லை. மற்ற பாத்திகளைவிடக் குறைவாகவே இருந்தது. வேர்தான் ஆச்சரியம். மற்ற செடிகளின் வேர் குழாயைச் சுற்றிச் சோம்பலாகச் சுருண்டு கிடக்க, இந்த வேர்கள் இரண்டு மடங்கு ஆழம் போயிருந்தன. அவற்றோடு வெள்ளை இழைகளாகப் பூஞ்சையும் சேர்ந்திருந்தது. செல்லக்கனி வேரூட்டியின் பதிவைத் திறந்தாள். ஏழாம் பாத்திக்குச் செவ்வாய்தோறும் வெள்ளிதோறும் ஊட்டம் சுழியம்.

"செவ்வாயும் வெள்ளியும் நீ என்ன செய்யுற?"

"ஆடி மாசம்லா மேடம். ரெண்டு நாளும் விரதம். சாப்பாடு வேண்டாம்னு காலையிலேயே சமையற்பொறியில அமுக்கிருவேன்."

"மத்தவங்களும் விரதம்தானே?"

"அவங்க பொட்டலமா வாங்கி வீட்டுக்குக் கொண்டு போயிருவாங்க. எனக்கு வீட்ல யாரு இருக்கா? எதுக்கு வீணா ஆக்கிப் போடணும்?"

செல்லக்கனிக்குப் பிடிபட்டது. பண்ணையின் சமையற்பொறியையும் வேரூட்டியையும் ஓட்டியது ஒரே நிரல். சிக்கனம் என்று நினைத்து அப்படி எழுதச் சொன்னவளும் அவள்தான். ஒரு பெயர், அதற்கு எதிரே உணவு உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். முத்துப்பேச்சி தனக்கு வேண்டாம் என்று அமுக்கியபோதெல்லாம் அவள் பாத்தியும் பட்டினி கிடந்திருக்கிறது.

செல்லக்கனி படித்த வேதியியல் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்று சொல்ல வேண்டும். கேட்கும் முன்னே தழைச்சத்து வந்துகொண்டிருந்தால் செடி இலையை விரித்து, மிச்சத்தை நைட்ரேட்டாக அடைத்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. கிணற்றுக்குப் போகாத நைட்ரேட் கீரைக்குள் உட்கார்ந்திருந்தது. ஒருநாள் வரத்து நின்றால் அடைத்து வைத்ததைச் செலவழிக்கிறது. இலையை வளர்க்க முடியாமல் மிஞ்சுகிற சர்க்கரையை வைட்டமினாகவும் நிறமாகவும் மணமாகவும் மாற்றுகிறது. பூஞ்சையைக் கூட்டுச் சேர்த்து இரும்பும் துத்தநாகமும் தேடி ஆழம் போகிறது. செடிக்கு எல்லாவற்றையும் கொடுத்த செல்லக்கனி பசியை மட்டும் கொடுக்கவில்லை.

வேதநாயகம் முழுவதையும் கேட்டார். முத்துப்பேச்சியைத் தனியே கூப்பிட்டு இரண்டு முறை விசாரித்தார். பிறகு இன்னும் ஒரு அறுவடை தருவதாகச் சொல்லி, முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார். அந்த அறுவடை எழுபத்தொன்பது வாங்கியது, வேரூட்டி தப்பியது, கிணறுகளும் தப்பின. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மிச்சக் கதை அதற்கு முன்னால், ஆவணி முதல் செவ்வாயன்று நடந்தது.

முதல் நாள் மாலை செல்லக்கனி மிகுந்த உற்சாகத்தோடு நாற்பது பாத்திக்கும் செவ்வாய், வெள்ளி விரதம் என்று பதிந்தாள். காரணத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கண்டுபிடித்தவள் காரணமான அந்த ஒரே நிரலைத் திருத்த மறந்துவிட்டாள். மறுநாள் சமையற்பொறி அடுப்பே மூட்டவில்லை. கதவுத் திரையில் நாற்பது பெயர்களுக்கும் எதிரே இன்று விரதம் என்று எழுதியிருந்தது. முதல் பெயர் அவளுடையது.

நிரல் எழுதும் பெண் சென்னையில் இருந்தாள், மாலைக்குள் சரிசெய்வதாகச் சொன்னாள். வேலையாட்கள் முணுமுணுத்தார்கள். ஆடி முழுக்க விரதம் இருந்து இப்போதுதான் வயிறாரச் சாப்பிடலாம் என்று வந்தவர்கள் அவர்கள்.

செல்லக்கனியின் நிலைமைதான் மோசம். அவள் மணிக்கட்டில் பசிமானி இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கும் முன்னரே அது சமையற்பொறிக்குச் சொல்லும், சுண்டலோ மோரோ மேசைக்கு வந்துவிடும். பசி என்ற ஒன்று அவளுக்கு வந்து பல வருஷமாகிறது. பதினோரு மணிக்கு அது வந்தபோது ஏதோ நோய் என்றுதான் முதலில் பயந்தாள். ஒரு மணிக்குக் காது அடைத்தது. எல்லோர் மேலும் கோபம் வந்தது.

இரண்டு மணிக்கு முத்துப்பேச்சி பொறுமை இழந்தாள். கொட்டகைக்குப் பின்னால் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். யாரோ அரிசி கொண்டுவந்தார்கள். கீரை பண்ணையிலேயே கிடந்தது. பூண்டும் வரமிளகாயும் போட்டுக் கடைந்து, நாற்பது பேருக்கும் சுடுசோற்றில் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினாள்.

செல்லக்கனி ஒரு வாய் வைத்தாள். பூண்டுக்குப் பின்னால் கீரையின் இனிப்பு தெரிந்தது, அதற்கும் பின்னால் மெல்லிய துவர்ப்பு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டைப் பாதி காலி செய்த பிறகுதான் பேச்சு வந்தது.

"ஏழாம் பாத்தியா?"

"அது எப்பவோ தீந்துபோச்சு மேடம். இது பன்னெண்டாவது. தேறலன்னு கழிச்சுக் குழியில போட வச்சிருந்ததுல்லா, அது."

செல்லக்கனி நம்பவில்லை. பையிலிருந்து சத்துமானியை எடுத்து, அடுப்படியில் கிடந்த மிச்ச இலையில் வைத்தாள். நாற்பத்தொன்று.

சற்று நேரம் அந்த எண்ணையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது சென்னையிலிருந்து அந்தப் பெண் அழைத்தாள். திருத்தம் தயாராம், எல்லோருடைய பெயரையும் பாத்தியிலிருந்து பிரித்துவிடலாமா என்று கேட்டாள்.

"மத்த எல்லாருக்கும் பிரிச்சிருங்க. என் பேரு பாத்தியோடயே இருக்கட்டும்" என்றாள் செல்லக்கனி. பசிமானியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தட்டை நீட்டினாள்.

முத்துப்பேச்சி இன்னொரு கரண்டி ஊற்றினாள். "வெள்ளிக்கெழம வேற வருது மேடம். தாங்குவியளா?"