முதுகு மட்டும்

டெர்வ்லாவின் முதுகில் ஒரு கோடுகூட இல்லை. அதுதான் தப்பாக இருந்தது.

குளித்துவிட்டு, அலமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கைக்கண்ணாடியை முகத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை சீரான பழுப்பு. நேற்று மாலை, வெயில் பட்டதுபோல் தோலைப் பழுப்பாக்கும் நுரையைக் கைக்கு எட்டியவரைதான் பூசியிருந்தாள். தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரு தட்டளவு இடம், எப்படி வளைந்தாலும் எட்டாது. அது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் அவள் மட்டுமே இருந்தாள்.

நாளை லிமரிக் நகரில் மாமா மகளுக்குக் கல்யாணம், டெர்வ்லா மணத்தோழி. டிசம்பர் குளிரில் வெளுத்த காலோடு அங்கே போய் நிற்க எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது. அதனால் எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தாள். புதன்கிழமையே கால்களை மழித்தாள். மழித்த உடனே பூசினால் நிறம் மயிர்க்கால்களில் புள்ளி புள்ளியாகத் தேங்கும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி வைத்து, அரிக்கிறதா என்று ஒரு நாள் பார்த்தாள். நேற்று சொரசொரப்பான துணியால் உடம்பைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முழங்கால், முழங்கை, கணுக்காலில் மட்டும் கொஞ்சம் க்ரீம் தடவினாள். அங்கே தோல் வறண்டிருக்கும். நிறத்தை அளவுக்கு மீறிக் குடித்துவிடும். பிறகு ரோஜா நிறக் கையுறையில் நுரையை எடுத்து, காலில் தொடங்கி மேல்நோக்கி வட்டம் வட்டமாகப் பூசினாள்.

அந்த நுரை தோலின் மேலே செத்துக் கிடக்கும் மெல்லிய அடுக்கோடு சேர்ந்து, ஆறேழு மணி நேரத்தில் மெல்லப் பழுப்பாகிறது. அடியில் உயிரோடிருக்கும் தோலில் அதற்கு வேலை இல்லை. செத்ததில்தான் பிடிக்கும்.

இதை அவளுக்குச் சொல்லித் தந்தவள் அக்கா நுவாலா. பதினைந்து வயதிலிருந்து குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, முடியை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஒருத்தி முதுகை ஒருத்தி பூசிவிட்டார்கள். அக்டோபரில் நுவாலா போய்ச் சேர்ந்தாள். அதற்கு முந்தின வாரம் மருத்துவமனையில் டெர்வ்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டியில என்னை உரிச்ச கோழி மாதிரி படுக்க வெச்சிடாதடி. முழுசா பூசணும். முதுகும் சேத்து."

"முதுக யாருக்கா பாக்கப் போறா?"

"நான் அதும்மேலதானடி படுக்கப் போறேன். சத்தியம் பண்ணு."

டெர்வ்லா சத்தியம் பண்ணினாள். முன்னறைக்குச் சவப்பெட்டி வந்த அன்று, ஊர் கூடுவதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு முகம், கழுத்து, கை, கால் எல்லாம் பூசினாள். முதுகுக்காகத் தோளைப் பிடித்துத் தூக்கினாள். உடம்பு மொத்தமும் ஒரே கட்டையாக, சில்லென்று, கூடவே எழுந்தது. விட்டுவிட்டாள். வெளியே வந்து, எல்லாம் முடிந்தது என்றாள். நுவாலா நுரை பூசும் கறுப்புக் கையுறையை டெர்வ்லா அவள் விலாவோரம் வைத்ததை அம்மாவும் பார்த்தாள். பெட்டியை மூடினார்கள்.

பகலில் அம்மா கல்யாண உடையைக் கொண்டுவந்து, போட்டுப் பார்க்கச் சொன்னாள். பின்பக்கம் கொக்கி மாட்டும்போது கை நின்றது.

"யாருடி பூசிவிட்டா?"

"நானேதாம்மா."

"உன் கை என்ன ரப்பரா? அக்கா போட்ட மாதிரியே இருக்குடி." அம்மா மீதிக் கொக்கிகளை மாட்டினாள். "சரி, தேவாலயத்துக்குப் பத்து மணிக்கெல்லாம் வந்துடு. ஆடி அசைஞ்சு வந்தே, கொன்னுடுவேன்."

அவள் போனபின் வீடு அமைதியானது. நான்கு மணிக்கே சன்னல் இருண்டது. தெருவிளக்கின் மஞ்சள் மாடிப்படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழ, சுவருக்குள் வெந்நீர்க் குழாய் டக் டக்கென்று சூடேற, அதற்கு நடுவே அந்த வாடை வந்தது. ஈரத்தில் ஊறிய பிஸ்கட்டின் வாடை, புதிதாகப் பூசும்போது வருவது. அவள் காலையிலேயே கழுவிவிட்டாளே.

மாடியில் நுரைக் குப்பியை யாரோ அழுத்தினார்கள்.

புஸ்.

நின்றது.

மறுபடி, புஸ்.

வாசல்வரை போனாள். கைப்பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. வாடை அடர்ந்தது. கால்கள் படியேறின. அவள் ஏறச் சொல்லவில்லை.

குளியலறைக் கதவு திறந்திருந்தது.

தொட்டியின் விளிம்பில் ஒருத்தி. சுவரைப் பார்த்தபடி. முடி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கழுத்து பழுப்பு. கைகள் பழுப்பு. முதுகு வெள்ளை. பக்கத்தில் கறுப்புக் கையுறை, நுரை நிறைய.

"என் முறைடி."

டெர்வ்லா கையுறையை மாட்டிக்கொண்டாள். சில்லென்றிருக்கும் என்று நினைத்துத் தொட்டாள். முதுகு வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு ஏறி இறங்கியது.

ஒரு வட்டம். பழுப்பானது. கையை எடுத்தாள். வெள்ளையானது.

இன்னொரு வட்டம். வெள்ளை.

கீழே தொலைபேசி அடித்தது. ஓய்ந்தது. சன்னல் வெளுத்தது. மறுபடி அடித்தது. ஊர்த் தேவாலயத்தில் பத்து மணி அடித்தது. முதுகில் ஒரு துளிகூடப் பிடிக்கவில்லை.

கையுறைக்கு மேலே, டெர்வ்லாவின் மணிக்கட்டு மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது.