உமி மூட்டைச் சுவர்

தாயம்மாவின் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்ததைச் சுவர் என்று சொன்னால் மற்ற சுவர்களுக்குக் கோபம் வரும். அது வெறும் மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் யாராவது தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "ஆயுசு நூறு!" என்று குரல் வரும். ஊரிகம் என்ற ஊரின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தன.

தாயம்மாவின் அம்மா கங்கம்மா கூலிக்கு நெல் குத்துபவள். காலையில் உலக்கையைத் தூக்கினால் சாயங்காலம்தான் வைப்பாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த இன்பராஜுக்கோ ராத்திரி ஷிப்டு. பாவம், அவர் தூங்க வேண்டிய பகலெல்லாம் 'தொம், தொம்'தான்.

வெளியே வைத்துக் குத்தலாமே என்கிறீர்களா? சுரங்க மில்லில் பாறையை அரைத்துக் கொட்டிய மண்மேடு எதிரிலேயே இருக்கிறது. காற்று ஒரு வீசு வீசினால் அரிசியில் பாதி மண்!

ஒரு நாள் இன்பராஜின் மனைவி டெய்சி கண் கலங்க வந்து நின்றாள்.

"அக்கா, நேத்து அவரு வேலையில நின்னுக்கினே தூங்கிட்டாராம். இன்னொரு தபா தூங்கினா வேலைக்கே வராதேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

"ஐயோ! நான் குத்தலைன்னா எங்க அடுப்பு எரியாதே. இன்னா பண்றது?" என்றாள் கங்கம்மா.

கொத்தனார் சகாயத்தைக் கூப்பிட்டார்கள். அவர் தட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் தடிமனா மண்ணு அப்பணும். வைக்கோலு, கூலி எல்லாம் சேத்து நாலு ரூபா."

நாலு ரூபாயா! அது இன்பராஜின் பாதி மாதச் சம்பளம்.

"சத்தம் போடுறவங்கதானே குடுக்கணும்?" என்றாள் டெய்சி.

"சத்தம் வேணாங்கிறவங்கதானே குடுக்கணும்?" என்றாள் கங்கம்மா.

"யாராவது குடுங்க, அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு சகாயம் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானம். கங்கம்மா நெல் குத்திக்கொண்டிருந்தாள். திடீரென்று படார்! தட்டியைப் பிய்த்துக்கொண்டு இரண்டு கைகள் வந்தன. பின்னாலேயே ஒரு தலை வந்தது. இன்பராஜ்! கண்கள் பாதி மூடியிருந்தன.

"பயப்படாதீங்க, வந்துட்டேன்! உள்ள எத்தினி பேரு கீறீங்க?" என்று கத்தினார்.

"ரெண்டு பேரு, மாமா. நானும் அம்மாவும்" என்றாள் தாயம்மா.

ஓடிவந்து பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்பராஜும் வெட்கத்தோடு சிரித்தார். தாயம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"இன்னா மாமா, கனா கண்டீங்களா?"

"சுரங்கத்துல பாறை சரிஞ்சா, உள்ள மாட்டிக்கினவங்க கல்லால தட்டுவாங்க, தாயம்மா. மூணு தட்டு. உயிரோட இருக்கோம்னு அர்த்தம். அது காதுல விழுந்தா எங்களால சும்மா படுத்திருக்க முடியாது. தூக்கத்துல உங்க உலக்கை அப்படித்தான் கேக்குது."

தாயம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுடைய நைனாவும் சுரங்கத்தில்தான் வேலை செய்கிறார். பகல் முழுக்க யாரோ காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டால் மாமா எப்படித் தூங்குவார்? அவளுக்கு மனசு வலித்தது.

சாயங்காலம் கொல்லைப்புறத்தில் உமி கொட்டப் போனாள். அவள் தோள் உயரத்துக்கு உமி குவிந்து கிடந்தது. கை தவறி இடுப்பிலிருந்த பித்தளைச் செம்பு அதன்மேல் விழுந்தது. சத்தமே வரவில்லை! செம்பை எடுத்து வேண்டுமென்றே இன்னொரு முறை போட்டாள். அப்போதும் இல்லை.

கடைக்கார ராஜப்பாவிடம் ஓடினாள்.

"தாத்தா, கிழிஞ்ச சாக்கு எல்லாம் எனக்குத் தரீங்களா? வருஷம் பூரா பல்லு தேய்க்க உமிக்கரி தரேன்."

"எனக்கு இருக்கிறதே மூணு பல்லு!" என்று சிரித்தார் ராஜப்பா. ஆனாலும் பன்னிரண்டு சாக்குகளை எடுத்துப் போட்டார்.

டெய்சி கிழிசல்களைத் தைத்தாள். கங்கம்மா உமியை நிரப்பினாள். எல்லோருக்கும் உடம்பெல்லாம் ஒரே அரிப்பு! மூட்டைகளைப் பிய்ந்த தட்டியின் ஓரமாக அடுக்கிக் கயிற்றால் கட்டினார்கள். உரலுக்கு அடியிலும் ஒன்றைப் பரப்பினார்கள். ஓரத்தில் மட்டும் ஒரு சாண் இடம் விடச் சொன்னாள் தாயம்மா.

"எதுக்குடி?"

"வேலை இருக்கும்மா."

ஆன செலவு அரையணாக் கயிறு. அதற்கும் சண்டை வந்தது.

"நான்தான் குடுப்பேன்!" என்றாள் டெய்சி.

"அதெல்லாம் முடியாது, நான்தான்!" என்றாள் கங்கம்மா.

"நான் போய் சத்தம் கேக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று தாயம்மா பக்கத்து வீட்டுப் பாயில் போய்ப் படுத்தாள். கங்கம்மா ஒரு மரக்கால் நெல்லைக் குத்தி முடித்தாள். போனவள் வரவில்லை. டெய்சி எட்டிப் பார்த்தாள். தாயம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்!

அன்றிலிருந்து இன்பராஜ் நன்றாகத் தூங்கினார். மேஸ்திரியும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தினமும் காலையில் ஷிப்டு முடிந்து வந்ததும், படுப்பதற்கு முன்னால், அந்த ஒரு சாண் இடத்தில் அவர் தட்டுவார். டக், டக், டக்.

தாயம்மாவும் இந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டுத் தட்டுவாள்.

"மாமா வந்துட்டாரும்மா!"

அதுவரை உலக்கையைத் தொடாமல் காத்திருக்கும் கங்கம்மா, அப்புறம்தான் நெல் குத்த ஆரம்பிப்பாள்.