வகுத்தால் ஒன்று

மகளின் பள்ளிச் சட்டை காயவே இல்லை. வீட்டுக் கொடியில் காயவில்லையே என்று அலுவலகச் சன்னல் கம்பியில் கொண்டுவந்து போட்டிருந்தாள். வானத்தில் மேகம் ஒரு பொட்டுகூட இல்லை, வெயில் நேராகச் சட்டைமேல்தான் விழுந்தது. ஆனாலும் அதிலிருந்து ஈரத்துணியின் புளிச்ச வாடை கிளம்பி, மின்விசிறியின் முனகலோடும் கணினிகளின் சூட்டு நெடியோடும் கலந்து, அறைக்குள் அவள் நகர்ந்த இடமெல்லாம் கூடவே வந்தது.

அவளுடைய வேலை ஒரு நட்சத்திரத்தைக் கவனிப்பது. பக்கத்து நட்சத்திரம். நிறத்திலும் சூட்டிலும் நம் சூரியனுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. விடியுமுன் தொலைநோக்கி அதன் ஒளியை அளந்து வைக்கும். உச்சி வெயிலில் சூரிய ஒளியை அளப்பார்கள். தூரத்துக்கான கணக்கைச் சரிக்கட்டி, அதை இதால் வகுத்தால் ஒன்று வரவேண்டும். வந்தால் எல்லாம் சரி என்று எழுந்து போய்விடலாம். இத்தனை வருடமாக ஒன்றுதான் வந்தது. அதனாலேயே இயக்குநருக்கு அவள் வைத்த பெயர் ஒண்ணு சார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள், "சார், வெளிச்சம் கம்மியாகிற மாதிரி இருக்கு" என்று அவரிடம் சொன்னாள்.

"கண்ணை டாக்டர்கிட்ட காட்டும்மா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புருஷன் விட்டுப்போன பெண் வாயைத் திறந்தால் போதும், அறிவாளிகளுக்கு உடனே அவள் வீடுதான் ஞாபகம் வரும். அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இன்று விடியற்காலை அளவு பூஜ்யம் என்றிருந்தது. படத்தைத் திறந்தாள். சுற்றியிருந்த பொடி நட்சத்திரங்கள் அதனதன் இடத்தில் இருந்தன. நட்சத்திரத்தைக் காணோம்.

தொலைபேசியில் இயக்குநரைக் கூப்பிட்டாள்.

"லென்ஸ்ல தூசியா இருக்கும். துடைச்சு விடு."

"தூசின்னா மத்ததெல்லாம் எப்படி சார் தெரியும்?"

"நேத்து விடை என்ன?"

"ஒண்ணு."

"அப்புறம் என்ன? மனுஷனை நிம்மதியா சாப்பிட விடும்மா."

வைத்துவிட்டார். பாவி, கேட்கவே மாட்டான்.

வகுப்பதற்கு முந்தைய எண்களை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விடைதான் சரியாக இருக்கிறதே. அவள் திறந்தாள். நட்சத்திரத்தின் ஒளி நாளுக்கு நாள் குறைந்திருந்தது. சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. நேற்று பாதிதான் மிச்சம்.

ஆனால் நேற்றும் விடை ஒன்று.

இரண்டு ஒளியில் ஏதாவது ஒன்று மட்டும் குறைந்திருந்தால் விடையும் குறைந்திருக்கும். குறையவில்லை. இரண்டும் சேர்ந்தே குறைந்திருக்கிறது. அதே அளவு. அதே நாளில்.

இன்றைக்கு நட்சத்திரம் பூஜ்யம்.

சூரியனை இன்னும் அளக்கவில்லை.

ஐயோ, குட்டி! இன்று அரைநாள் பள்ளி. இந்நேரம் தனியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பாள்.

ஓடினாள். படிக்கட்டு. வாசல். தெரு. நடு மதியத்தில் முதுகில் குளிர் ஏறியது. பறவைகள் கூச்சலிட்டுக்கொண்டு மரங்களுக்குள் அடைந்தன. தெருவிளக்குகள் தாமாகவே எரிந்தன. யாரும் கவனிக்கவில்லை. குனிந்து, கைப்பேசியைப் பார்த்தபடி, போய்க்கொண்டே இருந்தார்கள்.

நடுத்தெருவில் மகள். தோளில் பை. அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள்.

"கீழ பாருடி! கண்ணு போயிடும்!"

"இல்லம்மா. கூசவே இல்ல. நீயும் பாரேன்."

இழுத்து அணைத்தாள். அவள் கண்களை உள்ளங்கையால் பொத்தினாள். சின்ன முகம் சில்லிட்டிருந்தது.

"வீட்டுக்குப் போயிடலாம்டா."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கண் கூசவில்லை. கண்ணீர் வரவில்லை. உச்சியில், ஆறிப்போன இரும்புத் தட்டாகச் சூரியன். அதை ஒட்டி, பட்டப்பகலில், நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன.