மூன்றாவது பீரியட்

அந்தச் சுற்றை மாறன் எழுதவே இல்லை.

முதல் பீரியட் முடிந்ததும் ஊதல் அடிக்கும், ஆட்டம் அப்படியே நிற்கும், ஸ்கோர் பலகை வரும். முப்பது வருஷத்துப் பழைய ஐஸ் ஹாக்கி கேம் அது, மூன்று பீரியட்டில் ஆட்டம் முடிந்துவிடும். அதற்குத் தெரிந்ததே நாலு வித்தைதான். இன்றைக்கு ஊதல் அடித்தது, பலகை வரவில்லை. பந்துக்குப் பதிலாக ஆட்டக்காரர்கள் அடித்து விரட்டும் கறுப்பு ரப்பர் வில்லை யாரும் தொடாமலேயே வழுக்கிப் போய்க் கோல் கம்பத்தில் மோதியது. டக். உடனே இரண்டு அணி ஆட்களும் மட்டையைத் தாழ்த்தி, ஒருவன் பின்னால் ஒருவனாக, மைதானத்தின் நடுவே வரைந்திருந்த மலையை ஒரு தடவை சுற்றி வந்து நின்றார்கள். அப்புறம்தான் பலகை வந்தது.

"இது என்னடா புதுசா?" என்று மாறன் லேப்டாப்பைப் பார்த்தே கேட்டான்.

உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்த ஒரு சில நூறு பேர் இருக்கிறார்கள். செத்துப்போன பழைய கேமைப் பிரித்து, புது அணி, புதுச் சட்டை, புதுப் பெயர் போட்டு, வருஷா வருஷம் உயிர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வேங்கிக்காலில் வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கும் மாறனும் அதில் ஒருவன். பனி மைதானத்தை அவன் நேரில் கண்டதில்லை, அவனுக்குத் தெரிந்த ஐஸ் குச்சியில் வருவதுதான். ஆனாலும் பத்து வருஷமாக அந்தச் சின்னச் சின்னப் பொம்மை ஆட்களுக்குப் புள்ளி புள்ளியாகச் சட்டை மாட்டி வருகிறான். இந்த முறை ஆசைக்கு ஓர் 'அருணை' அணி. அந்தக் கேமில் புதிதாக ஒரு பெயரைச் சேர்க்க இடம் கிடையாது, இருக்கிற பெயரின் மேல்தான் எழுத வேண்டும். பழைய ஆட்களை ஒவ்வொருவராக அழித்துத் தெருவையே குடியேற்றினான். பக்கத்து வீட்டு உண்ணாமலை அக்கா தடுப்பாட்டம். அவர் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிற சுப்பன், முன்வரிசை.

"என்னையும் போடுப்பா" என்றாள் கவிநிலா. ஏழு வயசு.

"நீதான் ஓடவே மாட்டியே."

"ஓடாத ஆளு ஒருத்தர்கூட இல்லையா அதுல?"

இருந்தது. கோல் வலைக்கு முன்னால் காவல் நிற்கிற ஆள், கோலி. அந்த வரியில் மகளின் பெயரை எழுதினான். மைதானத்தின் நடு வட்டத்தில் பழைய முத்திரையை அழித்துவிட்டு ஊர் மலையை வரைந்தான். வெறும் மலை மணல் குவியல் மாதிரி இருந்தது. உச்சியில் நாலு ஆரஞ்சுப் புள்ளி வைத்துத் தீபம் ஏற்றினான். காலையில் இணையத்தில் போட்டும்விட்டான்.

"பாத்தியா கவி, உன் டீம் கிரிவலம் போவுது!" சிரித்துக்கொண்டே திரும்பினான்.

கவிநிலா ஹாலின் நடுவிலிருந்த டீப்பாயைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாதத்தைத் தூக்காமல், டைல்ஸில் இழைத்துக்கொண்டே, கைகளைத் தொங்கவிட்டபடி. ஒரே சுற்று. பிறகு சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பனைப் பார்த்துப் பிள்ளையும் இந்தக் கூத்தைக் கற்றுக்கொண்டது என்று மாறனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்னி நட்சத்திரம். மேற்குச் சுவர் பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சாயங்காலத்தில் வீட்டுக்குள் கக்கிக்கொண்டிருந்தது. ஃபேன் அந்தச் சூட்டையே அள்ளி அள்ளி இறைத்தது. வெளியே பௌர்ணமிக் கூட்டம், தற்காலிக பஸ் ஸ்டாண்டின் ஹாரன்கள், ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்கள் பெயரை வாசிக்கும் போலீஸ் குரல். இத்தனைக்கும் நடுவில் சோபாப் பக்கமிருந்து ஒரு குளிர் வந்து அவன் முழங்காலைத் தொட்டது. ரொம்ப நாள் சுத்தம் செய்யாத ஃப்ரீசரைத் திறந்தால் வருமே, பழைய ஐஸும் இரும்பும் கலந்த வாடை, அதுவும் கூடவே வந்தது. ஏசி இல்லாத வீடு அது.

எழுந்துபோய் மகளின் நெற்றியைத் தொட்டான். தண்ணிப்பானையைத் தொட்ட மாதிரி இருந்தது.

"கவி, தூக்கம் வருதா?"

அவள் கண் திறந்துதான் இருந்தது.

லேப்டாப் சிணுங்கியது. காலையில் போட்டதை இறக்கி ஆடிப் பார்த்த பின்லாந்துக்காரன் ஒருவன் எழுதியிருந்தான். ஆட்டம் அருமை, ஒவ்வொரு பீரியட் முடிவிலும் வரும் அந்தச் சுற்று அழகாக இருக்கிறது, ஒரு சந்தேகம் மட்டும் என்றான். மூன்றாவது சுற்று முடிந்ததும் உங்கள் கோலி காணாமல் போகிறாள். வலை காலி. பட்டியலிலும் அவள் வரி வெறுமையாக இருக்கிறது. இந்தக் கேமில் வெறும் வரி இருக்கவே முடியாதே, எப்படிச் செய்தீர்கள்?

மாறன் அதை மறுபடி படித்தான். மகளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். இரண்டாவது பீரியட் பாதி தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஆடவில்லை, ஆட்டம் தன்னைத்தானே ஆடிக்கொண்டிருந்தது. வலைக்கு முன்னால் அந்தச் சின்னக் கோலி அசையாமல் நின்றாள்.

ஏதோ ஒன்று உறுத்தியது. சுற்று. அந்தச் சுற்றில்தான். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், மலை வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். இதோ வெளியே போகிற லட்சம் பேரும் அப்படித்தான் நடக்கிறார்கள். அந்தப் பொம்மைகளுக்கு மலை இடக்கைப் பக்கம் இருந்தது. கவிக்கும் டீப்பாய் இடக்கைப் பக்கம்தான் இருந்தது.

அப்படி இடமாக அவனும் ஒரு தடவை சுற்றியிருக்கிறான். அப்பாவின் மேல் அடுக்கியிருந்த கட்டைகளைச் சுற்றி, மொட்டையடித்த தலையோடு, இடது தோளில் தண்ணிக் குடத்தோடு, மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வந்த ஆள் கத்தி முனையால் குடத்தில் ஓர் ஓட்டை போட்டான். டக் என்று அது முதுகெலும்பில் கேட்டது. மண்குடம் உடையும் சத்தம் வேறு எதிலும் வராது. முதல் சுற்றில் கம்பத்தில் பட்டது என்று அவன் நினைத்த சத்தம் அதுதான். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள்.

"ஐயையோ" என்றான். வாய்விட்டே சொன்னான்.

ஊதல் அடித்தது.

டக்.

கவிநிலா எழுந்தாள். மாறன் பாய்ந்து அவளை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். இருபது கிலோ இருக்கிற பிள்ளை, அவனை இழுத்துக்கொண்டு போனது. முழங்கால் டைல்ஸில் தேய, டீப்பாயில் இடுப்பு மோத, "கவி, வேணாம்டா, நில்லுடா தங்கம், நில்லு" என்று கெஞ்சியபடியே அவனும் கூடப் போனான். சுற்று முடிந்த இடத்தில் அவள் நின்றாள். போன வழியெல்லாம் தண்ணீர். அவள் கவுன் நனையவில்லை, தலை நனையவில்லை. எங்கிருந்து ஒழுகியது என்று தெரியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

அவளைத் தூக்கிச் சோபாவில் போட்டு, கையில் கிடைத்த போர்வையையெல்லாம் சுற்றினான். கேமை மூடினான். திரை வெறுமையானது. சத்தம் நிற்கவில்லை. கத்தியைச் சாணை பிடிப்பது போன்ற அந்தச் சறுக்கல் சத்தம் இப்போது ஹாலில், டைல்ஸின் மேல், டீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. ஆட்கள் யாரும் இல்லை. ஈரத் தரையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மட்டும் விழுந்துகொண்டே இருந்தன.

ரேவதிக்குப் போன் போட்டான். வேலூரில் தங்கை வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"போளூர் தாண்டிட்டோங்க, பஸ் நகரவே மாட்டேங்குது. கூட்டம் ஜாஸ்தி. கவி என்ன பண்றா?"

"உடம்பு சில்லுனு இருக்கு ரேவதி."

"இந்த வெயில்லயா? ஐஸ் ஏதாவது வாங்கிக் குடுத்தீங்களா நீங்க?"

அவனுக்கு அழுகை வந்தது. போனை வைத்துவிட்டான். ஆம்புலன்ஸுக்குப் பேசினால், ரோட்டை அடைத்திருக்கிறார்கள், ஆனமட்டும் சீக்கிரம் வருகிறோம் என்றார்கள். சுப்பன்தான் உடனே எடுத்தார்.

"பாப்பாவுக்கா? கலெக்டர் ஆபீஸ் பின்னாடி சந்துல பூந்து வந்துர்றேன் சார். தூக்கி ரெடியா வச்சிக்கோங்க. இதோ வந்துட்டேன்."

இதோ. எத்தனை நேரம் இந்த இதோ? மூன்றாவது பீரியட் முடியுமுன்னா, முடிந்த பின்னா? ஆட்ட நேரம் பார்க்கக் கேமும் திரையில் இல்லை. டைல்ஸில் சறுக்கல் வேகம் பிடித்திருந்தது.

அவன் லேப்டாப்பை இழுத்தான். அருணை அணியின் பெயர்ப் பட்டியலைத் திறந்தான். அழித்தால் அழியவில்லை. வெறும் வரியை அது ஏற்காது, அவனுக்குத்தான் தெரியுமே. இன்னொரு பெயர் வேண்டும். கண் மேலே ஓடியது. சுப்பன். உண்ணாமலை. ச்சீ என்று தன்னையே திட்டிக்கொண்டான். மகளின் பெயர் மேல் தன் பெயரை அடித்தான். மாறன்.

"என்னை எடுத்துக்க. புள்ளையை வுட்டுடு. அண்ணாமலையாரே, என்னை எடுத்துக்கப்பா." யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டு, சேமிக்கும் பொத்தானை அழுத்தினான்.

சறுக்கல் நின்றது.

ஃபேன் சத்தம் கேட்டது. வெளியே ஹாரன் கேட்டது. போர்வைக்குள் ஏதோ அசைந்தது.

"அப்பா."

"கவி! கவிம்மா!"

"குளுருதுப்பா."

அவள் கன்னத்தைத் தொட்டான். சில்லிப்பு குறைந்திருந்தது. குறைந்திருந்தது, நிஜமாகவே! உதட்டில் லேசாக நிறம் வந்தது. மாறன் அவளை மார்போடு அழுத்தி விம்மி விம்மி அழுதான். தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். ரேவதி வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். அவனுக்கு அது போதும்.

தெருமுனையில் ஆட்டோ திரும்பும் சத்தம். சுப்பன்தான், அந்த ஹாரன் தெரு முழுக்கத் தெரியும்.

"வா தங்கம், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

கேட் சாவியை வலது கையில் எடுத்தான். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூச்சு காதில் சூடாகப் பட்டது. கதவைப் பார்த்து ஓர் அடி வைத்தான்.

ஊதல்.

டக்.

கால் கதவுக்குப் போகவில்லை.

பாதம் தரையை விட்டு எழவே இல்லை. இழைந்தது. டீப்பாய் இடக்கைப் பக்கம் வந்தது. மாறன் வலது பக்கம் திருப்பப் பார்த்தான். உடம்பு இடது பக்கமே போனது. கையை நீட்டிச் சுவரைப் பிடித்தான். விரல் நகம் சுண்ணாம்பில் கோடு போட்டுக்கொண்டே போனது.

"அப்பா, எங்க போற?"

"எறங்கு. கவி, எறங்கி ஓடு. அப்பாவை வுட்டுட்டு ஓடு!"

"வரலப்பா. கை வரல."

அவளைச் சுமந்திருப்பது எந்தத் தோள் என்று அப்போதுதான் பார்த்தான். இடது தோள். முதுகில் தண்ணீர் வழிந்தது. மூன்று இடத்திலிருந்து வழிந்தது. கழுத்தைக் கட்டியிருந்த கை கனக்கவில்லை. தோளில் பிள்ளையின் பாரமே இல்லை. காதில் பட்ட மூச்சு இல்லை.

சுற்று முடிந்தது.

வாசலுக்கு முதுகு காட்டி நிற்கவில்லை அவன். வாசலைப் பார்த்துத்தான் நின்றான். வெளியே ஆட்டோ நின்றது. "சார்! தூக்கிட்டு வாங்க சார்!" சுப்பன் கேட்டைத் தட்டினார். ஏறிக் குதித்தார். படியேறி ஓடி வந்தார்.

மாறனின் இடது கை தானாகத் தளர்ந்தது.

"வேணாம். வேணாம். வேணாம்."

விரல் விரலாகத் தளர்ந்தது. பிடிக்கச் சொன்னான். பிடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒன்று நழுவிப் போனது.

மண் உடையும் சத்தம்.

சுப்பன் வாசற்படியில் நின்றுவிட்டார். மாறனை அவர் பார்க்கவில்லை. மாறனின் தோளுக்குப் பின்னால், கீழே, தரையைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு படி பின்னால் இறங்கினார். இன்னொரு படி.

மாறன் கழுத்தைத் திருப்பினான். திரும்பவில்லை. உயிர் போகிற மட்டும் திருப்பினான். திரும்பவில்லை. கால் கிளம்பியது. சுப்பனைத் தாண்டி, படியில் அவனுக்கு முன்னால் ஓடி இறங்கும் தண்ணீரின் மேல் அது இழைந்து போனது.

ஹாலுக்குள்ளிருந்து, தரையோடு தரையாக, கவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"திரும்பிப் பாக்காம போப்பா."