பம்பரில் காய்ந்த சந்தனம்

பெர்மாஸ் ஜெயாவில் இருந்த வாகன ஆய்வாளர் ஐயாத்துரையின் அலுவலகத்துக்குள் நுழைந்த லோஷினிக்கு நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றவில்லை.

"சார், என்னைத் திருடின்னு சொல்றாங்க!"

செனாய் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கலாம் என்று இரண்டு மாதங்களுக்கு முன்பு மின்சாரக் கார் வாங்கியவள் அவள். வாடகை அனுமதிக்கான சோதனையில், காரின் சேசிஸில் பொறித்திருந்த எண்ணும் அவளுடைய பதிவுச் சான்றான கிரானில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. காரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். நாளைக்குள் விளக்கம் வராவிட்டால் விவகாரம் போலீசுக்குப் போகும்.

"வித்தவன் தீபன்தானே? அவன் வேலைதான் சார் இது!" என்று லோஷினி நீட்டிய கார் ரசீதைப் பார்த்ததுமே குதித்தாள் ஐயாத்துரையின் உதவியாளர் சிந்துஜா. யாரையாவது குற்றவாளி ஆக்காமல் அவளுக்குக் காலை டீ இறங்காது.

காப்புறுதி நிறுவனங்களுக்காக முப்பது வருடம் விபத்துக் கார்களைக் குடைந்த ஐயாத்துரை அவசரப்படவில்லை. "கார் எப்படிம்மா ஓடுது?"

"பறக்குது சார்! இந்த வருஷத்திலேருந்து மோட்டார் சக்திக்குத் தகுந்த மாதிரிதானே ரோட் டாக்ஸ்? அதனால சின்ன மோட்டாரா பார்த்து வாங்குனேன். அதுவே இந்தப் போடு போடுதுலா."

சோதனை நிலையத்தில், ஐயாத்துரை கேட்டுக்கொண்டதும் அதிகாரி முன்பக்க நம்பர் பிளேட்டைக் கழற்றினார். அது மறைத்திருந்த பம்பரில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"பூஜை போட்டப்ப பிளேட் மாட்டலையா?"

"இல்ல சார். தீபன் காரை லாரியில கோயிலுக்கே கொண்டு வந்தாரு. சாவி, பிளேட் எல்லாம் தட்டுல வச்சுக் கும்பிட்டுட்டு மாட்டுனோம். யோங் பெங் ஊர்க்காரரு வேலு அண்ணனுக்கும் அன்னைக்கு அங்கேயேதான் டெலிவரி. அதே மாடல், அதே வெள்ளை."

ஐயாத்துரை தீபனைப் போனில் பிடித்து, வேலுவையும் வரவழைத்தார். மத்தியானம் இருவரும் வந்தார்கள். வேலு இறங்கியதுமே தீபன்மேல் பாய்ந்தார்.

"பெரிய மோட்டார்னு சொன்னியே தம்பி! ரோட் டாக்ஸ் மட்டும்தான் பெருசு. மேடு ஏறவே அழுவுது!"

"சத்தியமா நான் ஏமாத்தலண்ணே!" என்றான் தீபன்.

"யாருமே ஏமாத்தல," என்றார் ஐயாத்துரை. "தட்டுல ரெண்டு சாவியும் மாறிப்போச்சு. சாவியை அழுத்துனதும் எந்தக் கார் மின்னுச்சோ அதையே தன் கார்னு நெனச்சு, அவங்கவங்க பிளேட்டை மாட்டிக்கிட்டீங்க. சின்ன மோட்டார் பறக்குது, பெரிய மோட்டார் அழுவுதுன்னா, காரே மாறியிருக்கணும். பிளேட் முன்னாடியே இருந்திருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும்."

"அப்ப குற்றவாளி?" என்றாள் கூடவே வந்திருந்த சிந்துஜா. யாரும் இல்லை என்றதும் அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதிகாரி வேலு ஓட்டிவந்த காரின் சேசிஸ் எண்ணை உரக்கப் படித்தார். லோஷினி கிரானில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பின்தொடர்ந்தாள். கடைசி இலக்கமும் ஒத்துப்போனது. அதிகாரி தலையசைத்ததும் அவள் அந்தக் காரின் மேலேயே சாய்ந்து அழுதாள்.

"மெதுவான வண்டிம்மா அது," என்று எச்சரித்தார் வேலு.

"போதும்ணே. என் பேருல இருக்கிறது இதுதான்."