மான் தின்னாத கொடி

வேலியில் கட்டியிருந்த பழைய காலுறை நனைந்திருந்தது. மழை பெய்து ஒரு வாரமாகிறது. டோரீன் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுவென்று, இன்னும் வெதுவெதுப்பாக, சளி மாதிரி விரலோடு ஒட்டி நூலாக நீண்டது. சீ என்று ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள். உள்ளே அவள் அடைத்து வைத்த முடியைக் காணவில்லை.

அது அவள் கணவன் வெர்னனின் முடி. பக்கவாதத்தில் பேச்சுப் போய், வடக்கு ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலே கதியென்று கிடக்கிறான். வெயில் எட்டிப் பார்க்காத அந்தச் சுவரோரம் அவள் வைத்ததையெல்லாம் மான்கள் மொட்டையடித்துவிட்டுப் போயின. பார்க்க அவனுக்கு நாலு பச்சை இலையாவது வேண்டாமா? நர்சரியில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இந்தக் கொடியைத் தேர்ந்தெடுத்தாள். ஆடுதின்னாப்பாளைச் செடிக்குச் சொந்தம். நிழலில் தழைக்கும், பூ அழுகிய இறைச்சியாக நாறும், மான் வாய் வைக்காது.

கொடி ஜன்னலை மூடும்வரை மான் அதை மிதித்துவிடாதபடி காவலுக்கு முடி கட்டச் சொன்னவர் பக்கத்து வீட்டு ஹெர்மன்.

"மனுஷ வாடை அடிச்சா மான் கிட்டயே வராது, டோரீன். எனக்கு இருந்தா நானே குடுத்திருப்பேன்" என்று வழுக்கையைத் தடவிச் சிரித்தார்.

"வெர்னன் தலை வேர்த்து வேர்த்து உப்புப் பூத்துக் கிடக்கு. கழுவிட்டுக் கட்டட்டுமா?"

"கழுவினா வாடை போயிடுமே! அப்படியே கட்டு."

கத்தரிக்கோலோடு வந்தவளைப் பார்த்து வெர்னன் இரண்டு முறை கண்சிமிட்டினான். ஒரு சிமிட்டல் சரி, இரண்டு வேண்டாம். "உனக்காகத்தானேப்பா" என்று கொஞ்சிவிட்டு வெட்டினாள்.

இப்போது வேலி நெடுகப் போய்ப் பார்த்தாள். எல்லாக் காலுறையும் அப்படித்தான். ஒன்றில் பல்லால் கொறித்த ஓட்டை, அதில் எச்சிலோடு சுருண்ட ஒரு நரைமுடி.

"ஹெர்மன், இங்க பாருங்க. மொத்தத்தையும் மான் சப்பித் தின்னிருக்கு!"

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கவில்லை. "உப்பு. அதுங்க உப்புக்கு அலையும். காட்டோரம் உப்புக்கட்டி போட்டா மண்ணையே நக்கிக் குழியாக்கிடும். எனக்குப் புத்தியே வரல பாரு. ருசி கண்டுடுச்சு, டோரீன்."

வெர்னனுக்குக் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஓடினாள். இருட்டுகிற நேரம். சுவரை நெருங்க நெருங்க கொடிப்பூவின் பிணவாடை தொண்டைக்குள் இறங்கியது. அதற்கடியில் இன்னொரு வாடை, ஈரமான விலங்கு ரோமமும் புளித்த எச்சிலும் கலந்தது. ஒரு சத்தம். சொரசொரவென்று. நிதானமாக. நக்குகிற சத்தம்.

சுவரோரம் குளம்புகள். கொடியில் ஓர் இலைகூடக் குறையவில்லை. இலைகளை ஒதுக்கிக்கொண்டு கழுத்து உள்ளே போயிருந்தது.

வீட்டுக்குள் பாய்ந்து அறைக்கதவைத் திறந்தாள்.

கத்தினாள். மான் நிமிரவில்லை. அசைபோட்டது. வாயோரம் நரைமுடி தொங்கியது. அதன் நுனியில் தோல். தலையணை சிவந்து ஊறியிருந்தது. மறுபடி நாக்கு நீண்டு, பளபளத்த மண்டையில் படிந்து, மெதுவாக இழுத்தது.

அதற்குக் கீழே வெர்னனின் கண்கள் அவளையே பார்த்தன. இரண்டு முறை சிமிட்டின. மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு.